சாப்பிடச் சொல்லி வந்த பதில்

என் பிள்ளை பிழைக்கணும்னா அவன் வயித்துக்குள்ள தாய்ப்பால் போகணும்னு டாக்டர் சொன்னாங்க. என்கிட்ட பால் இல்ல. கர்த்தர்கிட்ட கேட்டேன், அழுதேன், சண்டைகூட போட்டேன். அன்பான சகோதர சகோதரிகளே, அவர் பதில் கொடுத்தார். ஆனா அந்தப் பதில் நான் நினைச்ச வாயிலிருந்து வரல. வந்தப்போ எனக்குச் சந்தோஷம் வரல, கோபம்தான் வந்துச்சு. எதையும் மறைக்காம எழுதறேன்.

என் பேர் கிரேஸ். வீடு சிங்கப்பூர்ல புக்கிட் பாத்தோக். லிட்டில் இந்தியாவுல ஒரு பியூட்டி பார்லர்ல வேலை. புருவம் திருத்தறது, ஃபேஷியல், கல்யாணப் பொண்ணு அலங்காரம் எல்லாம் செய்வேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்னு சபையில எல்லாருக்கும் தெரியும். பல்லுல நூலைக் கடிச்சுக்கிட்டே ஊர்க்கதை பேசறவன்னு எங்க பாஸ்டரம்மாவே கிண்டல் பண்ணுவாங்க. வீட்டுக்காரர் சாம்சன் அதுக்கு நேர்மாறு. ஜூரோங்ல கப்பல் பட்டறையில வெல்டிங் வேலை. கேட்டாத்தான் பதில் சொல்வார். எங்களுக்குக் கல்யாணமாகி ரொம்ப வருஷம் பிள்ளை இல்ல. ரெண்டு தடவை வயித்துல தங்கி, தங்காமப் போச்சு. மூணாவதா ஒண்ணு தங்குனப்போ, ஆறு மாசம் தாண்டுற வரைக்கும் நான் யார்கிட்டயும் வாய் திறக்கல. நானே வாய் திறக்கலன்னா பாத்துக்கோங்க.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, தீபாவளிக்கு முந்தின வாரம். ரோடு முழுக்க விளக்கு அலங்காரம், கடை முழுக்க ஆளுங்க. மத்த பொண்ணுங்க தீபாவளி வேலைக்கு லீவு கேக்க, நான்தான் எக்ஸ்ட்ரா நேரம் நின்னேன். காலு வீங்குச்சு. நின்னு வேலை செய்றோம், வீங்கத்தானே செய்யும்னு விட்டுட்டேன். தலைவலி வந்துச்சு, பெனடால் போட்டேன். அன்னிக்கு ஒரு அம்மாவுக்குப் புருவம் எடுத்துக்கிட்டிருக்கேன், அவங்க முகமே எனக்கு ரெண்டா தெரியுது. அந்த அம்மாதான் என்னை உத்துப் பார்த்துட்டு, "ஏம்மா, உன் மூஞ்சி என்ன இப்படி ஊதிக் கிடக்கு? முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போம்மா"ன்னு சத்தம் போட்டாங்க. ஒரு பக்கத்துப் புருவத்தைப் பாதியில விட்டுட்டு டாக்சி ஏறினேன்.

ஆஸ்பத்திரியில பிரஷர் பார்த்த நர்ஸ் மறுபடியும் ஒரு தடவை பார்த்தாங்க. அப்புறம் ஓடினாங்க. ரத்த அழுத்தம் மேல ஏறிப்போச்சு, இப்பவே ஆபரேஷன் பண்ணி எடுக்கலன்னா ரெண்டு பேர் உயிருக்கும் ஆபத்துன்னு சொன்னாங்க. எங்க வீட்டுக்காரர் பட்டறை யூனிஃபார்மோட வந்து சேர்றதுக்குள்ள என்னைத் தியேட்டருக்குள்ள தள்ளிட்டாங்க. "ஆண்டவரே, இன்னும் நாள் இருக்கே, இன்னும் நாள் இருக்கே"ன்னு கத்துனது மட்டும் ஞாபகம் இருக்கு.

பையன். ஒரு கிலோ சீனிப் பாக்கெட் தெரியும்ல? அந்த எடைகூட இல்ல. சக்கர நாற்காலியில உக்கார வச்சு என்னைக் கொண்டு போய்க் காட்டினாங்க. கண்ணாடிப் பெட்டிக்குள்ள என்னமோ சிவப்பா கிடந்துச்சு. தோலு அவ்வளவு மெலிசு, உள்ள ஓடுற நரம்பு தெரியுது. மூக்குல குழாய், வாயில குழாய், தொப்புள்ல குழாய். நான் கேட்ட பிள்ளை இதுதானா ஆண்டவரேன்னு மனசுக்குள்ள கேட்டுட்டேன். கேட்ட மறு நிமிஷமே நெஞ்சு வெடிச்சு அழுதேன். அவன் பேர் ஜோயல். அந்தப் பேரை அவன் பக்கத்துல நின்னு சொல்லக்கூட எனக்குப் பயமா இருந்துச்சு, சொன்னா போயிடுவானோன்னு.

பிள்ளைங்க டாக்டர் ஒரு சீனப் பொண்ணு. பொறுமையா எடுத்துச் சொன்னாங்க. இவ்வளவு சின்னதாப் பிறந்த குழந்தைக்கு உடம்புல சேமிப்புன்னு ஒண்ணுமே கிடையாதாம். கொழுப்பு இல்ல, சத்து இல்ல. அதனால சாப்பாட்டை நாளைக்குப் பார்க்கலாம்னு தள்ளிப் போடக் கூடாதாம். அன்னிக்கே தொப்புள் வழியா ரத்தத்துல சத்து ஏத்த ஆரம்பிச்சாச்சு. மஞ்சளா ஒரு பை, வெள்ளையா ஒரு ஊசிக்குழல், மெஷின் சொட்டுச் சொட்டா இறக்குது. "ஆனா இது மட்டும் போதாது. குடல் சும்மா இருக்கக் கூடாது. அம்மாவோட பால் ஒரு சொட்டு கிடைச்சாலும் எங்களுக்கு வேணும். அது அவனுக்கு மருந்து"ன்னாங்க.

பால் விஷயத்தைப் பார்க்கறதுக்குன்னே ஒரு நர்ஸ் வந்தாங்க. ஃபரீதா. நம்ம தமிழ் முஸ்லிம், ஈசூன்ல இருந்து வர்றவங்க. கையால எப்படி அமுக்கி எடுக்கறது, மெஷின் எப்படி வைக்கறதுன்னு சொல்லிக் கொடுத்தாங்க. முதல் நாள் மஞ்சளா சில சொட்டு வந்துச்சு. அதை ஊசிக்குழல்ல உறிஞ்சி எடுத்து, பஞ்சுல தொட்டு அவன் உதட்டுல, கன்னத்துக்கு உள்பக்கம் தடவினாங்க. அவன் நாக்கு லேசா அசைஞ்சுச்சு. "பாருங்க கிரேஸ், தம்பி சப்புக்கொட்டறான்"னு ஃபரீதா சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அதுக்கப்புறம் நான் சிரிக்க ரொம்ப நாள் ஆச்சு.

சபை மொத்தமும் எங்களுக்காக எழும்பி நின்னுச்சு. நம்ம வழக்கம் உங்களுக்குத் தெரியும். யாருக்கு இக்கட்டு வந்தாலும் சங்கிலி உபவாசம் ஆரம்பிச்சிடுவோம். ஒரு குடும்பம் காலைச் சாப்பாட்டை விடும், இன்னொரு குடும்பம் மதியத்தை விடும். வாட்ஸ்அப்ல பேர் மேல பேர் வந்துச்சு. அதுல ஒரு சகோதரி, பெத்த தாய் உபவாசிச்சா கர்த்தர் சீக்கிரம் இறங்குவார்னு மெசேஜ் போட்டிருந்தாங்க. அவங்க என்னைச் சொல்லல, பொதுவாத்தான் சொன்னாங்க. எனக்குச் சுருக்குன்னு தைச்சிடுச்சு. ஊரெல்லாம் என் பிள்ளைக்காகப் பட்டினி கிடக்குது, நான் ஆஸ்பத்திரி தட்டுல சோறு தின்னுக்கிட்டு உக்காந்திருக்கேனா? அன்னிக்கே தீர்மானம் பண்ணிட்டேன். பொழுது சாயற வரைக்கும் ஒண்ணும் கிடையாது. பொழுது சாய்ஞ்சா ரெண்டு பிஸ்கட், கொஞ்சம் தண்ணி. ஜோயல் வயித்துல பால் தங்குற வரைக்கும்னு பொருத்தனை பண்ணேன்.

யார்கிட்டயும் சொல்லல. உபவாசம் இருக்கறவ அழுது வடியற மூஞ்சியோட அலையக் கூடாது, முகத்தைக் கழுவி எண்ணெய் வச்சு, மனுஷருக்குத் தெரியாம இருக்கணும்னுதானே வேதத்துல நமக்குச் சொல்லியிருக்கு. நான் பியூட்டி பார்லர்காரி. முகத்தை மறைக்க எனக்குச் சொல்லித் தரணுமா? பவுடர் போட்டேன், கண்ணுக்குக் கீழ கருப்பு தெரியாம கிரீம் தடவினேன், உதட்டுக்கு லேசா சாயம் வச்சேன். வார்டுல தட்டு வந்தா வீட்டுக்காரர்கிட்ட "இப்பத்தான் சாப்பிட்டேன், நீங்க சாப்பிடுங்க"ன்னு தள்ளிடுவேன். டிஸ்சார்ஜ் ஆனதும் இன்னும் வசதியாப் போச்சு. சபைக்காரங்க கொடுத்து விட்ட சாப்பாட்டையெல்லாம் காத்திருக்கிற மத்த குடும்பங்களுக்குக் கொடுத்துடுவேன். தையல் போட்ட வயித்தைப் பிடிச்சுக்கிட்டு தினம் எம்ஆர்டி ரயில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிரஷர் மாத்திரையை வெறும் வயித்துல முழுங்குவேன். ஒரு நாள் பிளாட்ஃபாரத்துலயே கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. அதைக்கூட நான் கர்த்தருக்குப் படைக்கிற பலின்னு நினைச்சுச் சந்தோஷப்பட்டேன்.

பால் குறைஞ்சுது. முதல்ல கவனிக்கல. அப்புறம் ஊசிக்குழல்ல பாதிதான் ஏறுச்சு. அப்புறம் அடியில ஒட்டுற மாதிரி. மெஷின் உர்ருன்னு இழுக்குது, ஒண்ணும் வரல. பக்கத்து அறையில ஒரு மலாய்ப் பொண்ணு பாட்டில் நிறைய எடுத்துக்கிட்டு வெளியே வர்றா. அந்தப் பாட்டிலைப் பார்க்க எனக்குச் சகிக்கல, மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன். ஜோயலுக்குக் குழாய் வழியா விடற பால் ஒரு ஸ்பூன்ல கால்வாசிகூட இருக்காது. அந்தக் கால்வாசிக்கு என்கிட்ட வழி இல்ல.

டாக்டர் கூப்பிட்டுப் பேசினாங்க. பால் வங்கியில இருந்து வேற தாய்மார் கொடுத்த பாலைச் சுத்தம் பண்ணி வச்சிருக்கோம், உங்க பால் வர்ற வரைக்கும் அதைக் கொடுக்கலாமான்னு கேட்டாங்க. மாவுப்பாலும் இருக்கு, ஆனா இவ்வளவு சின்னக் குடலுக்கு அது ஒத்துக்காமப் போனா குடலே அழுகிப் போற ஆபத்து கூடும்னாங்க. எங்க வீட்டுக்காரர் உடனே தலையை ஆட்டினார். நான் முடியாதுன்னு சொல்லிட்டேன்.

"ஏன் கிரேஸ்?"னு கேட்டார்.

"கர்த்தர் என் மாருல பால் சுரக்கப் பண்ணுவார். யாரோ ஒருத்தி பாலுக்குச் சரின்னு சொன்னா எனக்கு விசுவாசம் இல்லைன்னு ஆயிடும்."

"அவன் பிழைக்கணும். எனக்கு அது ஒண்ணுதான்."

"அப்போ எனக்கு மட்டும் வேண்டாமா? நான் பெத்தவங்க! என் கஷ்டம் உங்களுக்கு என்ன தெரியும்!"னு அந்த நடையிலயே கத்திட்டேன். அந்த மனுஷன் கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிட்டார். மாவுப்பாலுக்கும் நான் சம்மதிக்கல. டாக்டர், இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம், ஆனா ரொம்ப நாள் பார்க்க முடியாதுன்னாங்க. அந்தச் சத்து ஏத்துற குழாய் ரத்தத்துக்குள்ளேயே இருக்கு, இருக்க இருக்க கிருமி ஏறும்னு அவங்க சொன்னது என் காதுல விழுந்துச்சு. மனசுல ஏறல.

கிருமி ஏறுச்சு. ஒரு காலையில நான் போய்ச் சேரும்போது அவன் பெட்டியைச் சுத்தி ஆளுங்க. பிள்ளை சாம்பல் நிறமாக் கிடக்கான். மூச்சு நிக்குது, அவங்க தட்டி எழுப்பறாங்க, மறுபடி நிக்குது. மெஷின் அலறிக்கிட்டே இருக்கு. அந்தக் குழாயை உருவி எடுத்துட்டு, ரத்தத்துல மருந்து ஏத்தினாங்க. கை நரம்புல மெலிசா ஒரு டிரிப் மட்டும் போட முடிஞ்சுது. அதுல அவ்வளவு சத்து ஏத்த முடியாதாம். பிறந்த எடையில இருந்து இன்னும் இறங்கிட்டான். தொடை எலும்பு மேல தோலு சுருங்கிக் கிடக்கு. டாக்டர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "அவன் கொஞ்சம் நிதானத்துக்கு வந்ததும் வயித்துக்குப் பால் போயே ஆகணும். இந்த டிரிப்பை நம்பிக் காத்திருக்க முடியாது"ன்னாங்க.

அன்னிக்கு நான் பண்ண ஜெபம் இதுதான். "ஆண்டவரே, இன்னும் எதை விடணும்னு சொல்லும். தண்ணியை விடவா? விட்டுடறேன். என் உயிரைக் கேக்கறீரா? எடுத்துக்கொள்ளும். எதை விடணும்னு மட்டும் சொல்லும்." பால் எடுக்கிற அறையில உக்காந்து, மெஷினை மாருல வச்சுக்கிட்டே, பல்லைக் கடிச்சுக்கிட்டு இதையே சொல்லிக்கிட்டிருந்தேன். மெஷின்ல ஒரு சொட்டு இல்ல.

அப்போ ஃபரீதா உள்ள வந்தாங்க. காலிப் பாட்டிலைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க. நான் அழுததுல பவுடர் கரைஞ்சு போயிருக்கும் போல. "கிரேஸ், காலையில சாப்பிட்டீங்களா?"ன்னாங்க.

"சாப்பிட்டேன்."

"என்ன சாப்பிட்டீங்க?"

மறுபடியும் பொய் சொல்ல வாய் வரல. "உபவாசம்"னேன். உள்ளதைச் சொல்றேன், கொஞ்சம் பெருமையாத்தான் சொன்னேன்.

"எவ்வளவு நாளா?"

"பிறந்ததுல இருந்து."

அவங்க மெஷினை நிறுத்தினாங்க. எதிர்ல ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தாங்க. "நானும் நோன்பு வைக்கறவதான். ரமலான்ல பச்சைத் தண்ணிகூடக் குடிக்காம இதே வார்டுல நின்னிருக்கேன். ஆனா என் மகளுக்குப் பால் கொடுத்த வருஷம் நான் நோன்பு வைக்கல. பால் கொடுக்கிற தாய்க்கு எங்க மார்க்கத்துல சலுகை இருக்கு. அப்புறமா வேற நாள்ல வச்சுக்கலாம்." அப்புறம் மெதுவாக் கேட்டாங்க, "உங்க ஆண்டவர் உங்களுக்கு அந்தச் சலுகை தரலையா?"

எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். என் தேவனைப் பத்தி எனக்கு நீ பாடம் எடுக்கறியான்னு உடம்பெல்லாம் பத்திக்கிட்டு எரிஞ்சுது. "உங்க வேலையை மட்டும் பாருங்க சிஸ்டர்"னு சொல்லிட்டு, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கிட்டு வெளியே வந்துட்டேன். அவங்க பின்னாடி வரல. லிஃப்ட் பக்கத்துல சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். பட்டன் அமுக்கறேன், லிஃப்ட் வருது, ஏற மாட்டேங்கறேன், போகுது. உங்க ஆண்டவர் தரலையா, உங்க ஆண்டவர் தரலையான்னு அதே கேள்வி காதுல கேட்டுக்கிட்டே இருக்கு. அதான் அவ்வளவு கோபம்.

பாஸ்டரம்மாவுக்கு ஃபோன் போட்டேன். அந்த நர்ஸ் மேல புகார் சொல்லத்தான் போட்டேன். முழுக்கக் கேட்டாங்க.

"ஏன்டி, நீ உபவாசம் இருக்கறதை என்கிட்ட ஏன் சொல்லல?"

"தெரியாம இருக்கணும்ல ஆன்ட்டி."

"அடி பைத்தியக்காரி!" அவங்க குரல் உடைஞ்சுது. "இப்ப நீ சாப்பிடறது உன் சாப்பாடு இல்லடி. அந்தப் பிள்ளை சாப்பாடு. பிள்ளை வாயில இருக்கறதைப் பிடுங்கிக் காணிக்கை போட உனக்கு யாரு உரிமை கொடுத்தா?"

அங்கயே தரையில உக்காந்துட்டேன். போறவங்க வர்றவங்க பார்க்கறாங்க. ஒரு சீனக் கிழவர் குனிஞ்சு, டிஷ்யூ பாக்கெட்டை என் மடியில வச்சுட்டுப் போனார்.

பாஸ்டரம்மா அடுப்புல இருந்ததை அப்படியே டப்பாவுல போட்டுக்கிட்டு டாக்சியில வந்துட்டாங்க. ரசம், சோறு, அவிச்ச முட்டை. கீழ்த்தளத்துல நாற்காலி போட்டிருக்கிற இடத்துல என்னை உக்கார வச்சு, பிசைஞ்சு, உருட்டி என் வாய்கிட்ட கொண்டு வந்தாங்க. பொருத்தனை பண்ணிட்டேனே ஆன்ட்டின்னு நான் வாயை மூடிக்கிட்டேன். அப்போ அவங்க சொன்னாங்க, "சாகணும்னு சொல்லி வனாந்தரத்துல ஒரு செடிக்குக் கீழ படுத்துக் கிடந்தாரே ஒரு தீர்க்கதரிசி. தூதன் வந்து தட்டி எழுப்பி முதல்ல என்னடி சொன்னான்? ஜெபம் பண்ணுன்னா? சாப்பிடச் சொன்னான்டி! வழி தூரம், உன்னால முடியாதுன்னு சொன்னான். உனக்கும் ஒரு தூதனை அனுப்பியிருக்கார். அவ மேல நீ எரிஞ்சு விழுந்துட்டு வந்திருக்கே."

நான் வாயைத் திறந்தேன். எதை விடணும்னு நான் கேட்டுக்கிட்டே இருந்தேன். உபவாசத்தை விடுன்னு அவர் சொல்லிட்டார். ரசஞ்சோத்தையும் கண்ணீரையும் சேர்த்து முழுங்கினேன். அப்புறம் பாஸ்டரம்மா கைகழுவிட்டு வந்து, "இனி உன் உபவாசம் எங்களுது. நாங்க இருப்போம். நாங்க விடற சாப்பாட்டை நீ சாப்பிடுவே. விளங்குச்சா?"ன்னாங்க. விளங்குச்சுன்னு தலையாட்டினேன். அந்த வேற தாய் பால் விஷயத்தையும் அவங்களே எடுத்தாங்க. "யாரோ ஒரு மவராசி தன் பிள்ளைக்குப் போக மிச்சத்தை எடுத்துக் கொடுத்திருக்கா. அவளுக்கு அந்த மனசைக் கொடுத்தவர் யாரு? போய்ச் சரின்னு சொல்லு."

மேல போனேன். டாக்டர்கிட்ட சம்மதம்னு சொன்னேன். ஃபரீதாவைத் தேடிப் போனேன். மன்னிச்சுக்கோங்கன்னு சொல்ல வாயெடுக்கறதுக்குள்ள, "சாப்பிட்டீங்களா?"ன்னு கேட்டாங்க. "சாப்பிட்டேன்"னேன். "என்ன சாப்பிட்டீங்க?"ன்னாங்க. "ரசஞ்சோறு, முட்டை"ன்னேன். சரி வாங்கன்னு மெஷினை எடுத்துக்கிட்டாங்க.

எல்லாம் அதோட சரியாப் போச்சுன்னு எழுத எனக்கும் ஆசைதான். இல்ல. கிருமிக்கு மருந்து வேலை செஞ்சு, பிள்ளை கொஞ்சம் நிறம் திரும்பினதும், அந்த முகம் தெரியாத தாயோட பாலைக் குழாய் வழியா விட ஆரம்பிச்சாங்க. அடுத்த வேளை விடறதுக்கு முன்னாடி உறிஞ்சிப் பார்ப்பாங்க, வயித்துல தங்குதா, இறங்குதான்னு. தங்குச்சு, இறங்குச்சு. அடுத்த நாள் உறிஞ்சினப்போ பச்சையா வந்துச்சு. வயிறு டம்னு இருக்கு. தோலு பளபளன்னு இழுத்துக்கிட்டு நிக்குது. பாலை நிறுத்திட்டு, மறுபடியும் சத்து ஏத்துற குழாயையே போட்டாங்க. எக்ஸ்ரே எடுத்தாங்க. குடல் அழுக ஆரம்பிச்சிருக்கலாம், ஆபரேஷன் டாக்டரைக் கூப்பிட்டிருக்கோம், இந்த எடையில ஆபரேஷன் தாங்குவானான்னு உறுதி சொல்ல முடியாதுன்னாங்க.

நான் பட்டினி போட்டதாலதான் இப்படி ஆச்சான்னு டாக்டர்கிட்ட கேட்டேன். இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கு யார் பால் கொடுத்தாலும் இப்படி வரலாம், நீங்க உங்களையே கொல்லாதீங்கன்னு அவங்க சொன்னாங்க. நான் நம்பல. அன்னிக்கு எங்க வீட்டுக்காரர் வேலைக்குப் போகல. கண்ணாடிப் பெட்டியில நெத்தியை முட்டிக்கிட்டு அந்த மனுஷன் விசும்பி விசும்பி அழறார். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அவர் அழுது நான் பார்த்ததே இல்ல. எனக்கு ஜெபமே வரல. "உம்மைவிட்டா எனக்கு யாரு இருக்கா, உம்மைவிட்டா யாரு இருக்கா"ன்னு அது மட்டும்தான் வந்துச்சு. அப்பவும் பசிக்கல, அப்பவும் சாப்பிட்டேன். ஈசூன்ல இருந்து ஒரு சபை அக்கா முருங்கைக்கீரைப் பொரியலும் மீன் குழம்பும் செஞ்சு, தான் ஒரு வாய் தொடாம, தன் மகன்கிட்ட கொடுத்து அனுப்பியிருந்தாங்க. மண்ணைத் தின்ன மாதிரி இருந்துச்சு. டப்பா காலியாகற வரைக்கும் தின்னேன். அதுதான் அன்னிக்கு என்னால பண்ண முடிஞ்ச ஜெபம்.

எக்ஸ்ரே மேல எக்ஸ்ரே எடுத்தாங்க. ஒவ்வொண்ணுக்கும் டாக்டர் முகத்தைப் பார்ப்போம். ஒரு மதியம் அவங்க வந்து, வயிறு இளகுது, ஆபரேஷன் வேண்டாம்னு நினைக்கறோம்னாங்க. அந்த "நினைக்கறோம்"கிற வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு நாங்க ரெண்டு பேரும் இன்னும் சில நாள் தொங்கினோம். அப்புறம் பிள்ளைக்கு மலம் போச்சு. சிரிக்காதீங்க, அந்த டயப்பரை நர்ஸ் விரிச்சுக் காட்டினப்போ நாங்க ரெண்டு பேரும் அல்லேலூயான்னு சொல்லிட்டோம். மறுபடியும் அதே தாயோட பால், சொட்டுல இருந்து.

என் பால் எப்ப வந்துச்சு தெரியுமா? முழங்கால் போட்டு ஜெபிச்சப்போ வரல. எங்க வீட்டுக்காரர் தேக்கா மார்க்கெட்ல, பால் ஊறும்னு பால்சுறா மீன் வாங்கி, தானே புட்டு செய்றேன்னு செஞ்சு கொண்டு வந்தார். உப்புக் கடல். ஒரு வாய் வச்சதும், "இதைத் தின்னா பிரஷர் ஏறி நான் போய்ச் சேர்ந்துடுவேன், மறு கல்யாணத்துக்கு ஏற்பாடா?"ன்னு கேட்டேன். அவர் சிரிச்சார். எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு. சிரிச்சுக்கிட்டே மெஷினை வச்சேன், பாட்டில் அடியில சடசடன்னு விழுந்துச்சு. நான் குனிஞ்சு பார்த்தேன். அவர் பார்த்தார். அவர் ஓடிப்போய் ஃபரீதாவைக் கூட்டிக்கிட்டு வந்தார். அவங்க பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்துல பார்த்துட்டு, "அல்ஹம்துலில்லாஹ்"ன்னாங்க. "ஆமென்"னு நான் சொன்னேன்.

ஜோயல் சீனப் புத்தாண்டு கழிஞ்சு வீட்டுக்கு வந்தான். இப்ப அவன் வீட்டுல ஒரு சாமானை விட்டு வைக்கறதில்ல. ஜோயலுக்குப் பால் கொடுத்த அந்தத் தாய் யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது, தெரிஞ்சுக்கவும் முடியாதாம். தமிழச்சியோ, சீனச்சியோ, மலாய்க்காரியோ, தினம் காலையில அவளுக்காக ஜெபிக்கறோம். நானும் பால் வங்கிக்குக் கொடுக்கணும்னு ஆசையாக் கேட்டேன். நான் சாப்பிடற பிரஷர் மாத்திரையால வேண்டாம்னு சொல்லிட்டாங்க. எனக்கு அது இன்னும் குறைதான்.

எங்க சபையிலயும் ஒண்ணு மாறிடுச்சு. உபவாச ஜெபம் இப்பவும் இருக்கு. நானும் இருக்கேன், பிள்ளை பால் குடிச்சு முடிச்சப்புறம் முதல் ஆளாப் பேர் கொடுத்தேன். ஆனா கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கிற தாய்க்கும் இப்ப அதுல இடம் கிடையாது. அவங்க பேருல வேற ஒருத்தர் இருப்பாங்க. இருக்கறவங்க அவங்களுக்குச் சமைச்சுக் கொண்டு போவாங்க. போன மாசம் ஒரு சின்னப் பொண்ணுக்கு இதே மாதிரி குறைமாசத்துல பிறந்துடுச்சு. நான்தான் போனேன். கண்ணாடிப் பெட்டி பக்கத்துல என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "அக்கா, ஜெபம் பண்ணுங்கக்கா"ன்னு ஓன்னு அழுதா. "பண்றேன்டி. முதல்ல வெளியே வந்து வாயைத் திற"ன்னேன்.

இதை வாசிக்கிற தாய்மாரே, உங்கள்ல யாராவது இன்னிக்கு அப்படி ஒரு பெட்டி முன்னால நின்னுக்கிட்டிருக்கலாம். என்னத்தை விட்டா அவர் கேப்பார்னு நீங்களும் தேடிக்கிட்டிருக்கலாம். அவர் ஏற்கெனவே கேட்டுட்டார். நம்புங்க. ஒண்ணும் விட வேண்டாம். டாக்டர் சொல்றதைக் கேளுங்க, கொடுக்கற கையைத் தட்டி விடாதீங்க. உங்க சபையில ஒருத்தர்கிட்டயாவது உங்க நிலைமையைச் சொல்லுங்க, மறைக்காதீங்க. யாரும் இல்லையா, எங்களுக்குச் சொல்லி அனுப்புங்க. உங்க பிள்ளைக்காக நாங்க பட்டினி இருக்கோம். நீங்க சாப்பிடுங்க.